இந்தக் கதை பேர் யாருக்காவது தெரியுமா?

ஆகஸ்ட் 4, 2024, ஞாயிறு

என் தங்கை திலகவதி நடத்தும் வாட்ஸ்அப் குழுவில் இன்று காலை 10.40க்குச் சேர்ந்தேன். சேர்ந்திருப்பது நான் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் நீக்கிவிடுவாள். பதினோரு ஆண்டுகளாக அவள் என்னோடு பேசுவதில்லை.

குழுவின் பெயர் 'மர்மமும் மல்லிகையும்'. காதலும் கொலையும் கலந்த நாவல்களைப் படித்து ஒருவருக்கொருவர் பரிந்துரைக்கும் 214 பேர். ஒருவர் மட்டும் ஆண். அவரும் மனைவியின் போனிலிருந்து. திலகா திண்டுக்கல்லில் இருந்து நடத்துகிறாள். நான் மதுரையில் இருக்கிறேன்.

சேர்த்துவிட்டவள் எதிர்வீட்டுப் பர்வீன். பள்ளி ஆசிரியை, குழுவில் மூன்று வருட உறுப்பினர். என் இரண்டாவது எண்ணைக் கொடுத்தேன். நிருபர் வேலையில் இருந்தபோது தகவல் சொல்பவர்களுக்காக வைத்திருந்தது, திலகாவிடம் இல்லாதது.

"பேரு என்னக்கா போடட்டும்?"

"நர்மதா."

"தங்கச்சிகிட்டப் பேசணும்னா ஒரு போன் போட்டா முடிஞ்சது. இதுக்குப் போயி மாறுவேசமா?"

"கட்டுரைக்காகச் சேர்றேன் பர்வீன். வாசகிங்க என்ன படிக்கிறாங்கன்னு."

"எந்தப் பத்திரிகைக்கு?"

நான் ஓய்வு பெற்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. எந்தப் பத்திரிகை என்பது கட்டுரை முடிந்த பிறகு முடிவாகும்.

ஆகஸ்ட் 7, புதன்

புதன்கிழமை 'எனக்குப் பிடித்த ஐந்து' நாள். காலை ஆறு மணிக்கே ஆரம்பித்துவிடுகிறார்கள். இன்று மட்டும் 340 செய்திகள். கதைகள் எல்லாம் மலைப்பகுதியில் நடக்கின்றன. எல்லாவற்றிலும் மழை. கதாநாயகி வேலைக்கு வருகிறாள், வீட்டுக்காரன் முறைக்கிறான், யாரோ சாகிறார்கள், அவன்தான் கொன்றான் என்று அவளுக்குத் தோன்றுகிறது, இருந்தும் காதலிக்கிறாள்.

அருப்புக்கோட்டை கோமதி, தபால் அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், எழுதுகிறார்: "ஹீரோ முதல் அத்தியாயத்துலயே கத்தியோட வரணும். ஆனா ஆப்பிள் வெட்டிட்டு இருக்கணும்."

மஸ்கட்டில் இருக்கும் ஷோபனா: "கொலையே பண்ணினாலும் பரவால்ல கோமதிக்கா, கண்ணு நல்லாருக்கணும்."

முப்பத்தைந்து ஆண்டுகளில் நான் பார்த்த கொலைக் குற்றவாளிகள் யாருக்கும் கண் நன்றாக இருந்ததில்லை. தூக்கமில்லாத, பீளை கட்டிய கண்கள். இதை எழுதி அழித்தேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

முதல் பரிந்துரையைப் போட்டேன். பர்வீன் கொடுத்த 'தாழம்பூவும் தடயமும்'. இரண்டு நாளில் படித்து முடித்தேன். போட்டது இதுதான்:

"மாமனாரைக் கொன்றவர் குடும்ப டாக்டர் என்பதை 31ஆம் அத்தியாயத்தில் கண்டுபிடிக்கும் மிருதுளா, அதுவரை தான் சந்தேகப்பட்ட ஆதவனையே மணக்கிறாள். கோத்தகிரியில் நடக்கும் இந்த நாவல் 412 பக்கம். நடை சுமார். படிக்கலாம்."

நான்கு நிமிடத்தில் அறுபது பேர் என்மேல் விழுந்தார்கள்.

"அடிப்பாவி! நான் 29ஆவது அத்தியாயத்துல இருக்கேன்!"

"யாருப்பா இந்த நர்மதா? கதை சொல்லச் சொன்னா எஃப்.ஐ.ஆர். எழுதுது."

"கல்யாணப் பத்திரிகையிலயே விவாகரத்துத் தேதியும் போடுவாங்க போல."

என் தரப்பை விளக்கினேன். முக்கியமான விவரம் முதல் பத்தியில் வர வேண்டும். வாசகர் பாதியில் நிறுத்தினாலும் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஷோபனா பதில் போட்டார்: "விஷயம் தெரியக்கூடாதுன்னுதாம்மா நாங்க படிக்கிறோம்."

இவர்கள் படிப்பதைப் படிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

கேஸ் சிலிண்டர் வந்தது. வாஷர் சரியில்லை, திருப்பி அனுப்பினேன். மதியம் ரொட்டி.

ஆகஸ்ட் 19, திங்கள்

நேற்று இன்னொரு நாவலுக்கும் அப்படியே எழுதிவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை, கை அப்படித்தான் போகிறது.

இன்று திலகா குரல் பதிவு போட்டாள். 1 நிமிடம் 12 விநாடி.

"எல்லாருக்கும் வணக்கம். அட்மின் பேசறேன். முடிவைச் சொல்றவங்களை எச்சரிக்கை இல்லாம நீக்குவோம்னு விதி இருக்கு. நர்மதா புதுசுங்கறதால விடறேன். ஏம்மா நர்மதா, கொலைகாரன் யாருன்னு தெரிஞ்சுக்க எங்களுக்கு அவசரம் இல்ல. தெரிஞ்சதைத் தெரிஞ்ச நிமிஷமே ஊருக்குச் சொல்லணும்னு சில பேருக்கு அரிப்பு இருக்கும். அரிச்சா சொறிஞ்சுக்கங்க. இங்க வேணாம்."

குரல் முன்பைவிடத் தடித்திருக்கிறது. சளியாக இருக்கலாம். சொற்களைச் சரிபார்ப்பதற்காக நான்கு முறை கேட்டேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

திலகா இதுவரை பரிந்துரைத்த நாவல்களைத் தேடிப் பட்டியலிட்டேன். பதினேழு. கடைசி அத்தியாயங்களை மட்டும் புரட்டினேன். பதினாறில், எல்லோரும் சந்தேகப்படும் ஆண் கடைசியில் நிரபராதி. பதினேழாவது கிடைக்கவில்லை.

கட்டுரைக்குப் பின்னணி தேவைப்படலாம் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன். திலகாவின் கணவர் நாகலிங்கம் திண்டுக்கல்லில் ஒரு தனியார் பள்ளியின் தலைமையாசிரியர். 2013 மார்ச்சில், பிளஸ் டூ தேர்வின்போது, அவர் பொறுப்பில் இருந்த கேள்வித்தாள் உறையின் சீல் முன்கூட்டியே அறுக்கப்பட்டிருந்தது. போலீஸ் அவரைக் கைது செய்தது. அப்போது திண்டுக்கல் நிருபர் நான். செய்தியை நான் எழுதினேன். பள்ளி வாசலில் ஜீப்பில் ஏறப்போகும்போது எடுத்த படம், மூன்று பத்தி அகலம், எங்கள் பேப்பரில் மட்டும் வந்தது. பதினான்கு மாதம் கழித்து, சீலை அறுத்தவர் அலுவலக உதவியாளர் என்று தெரிந்தது. மாப்பிள்ளைமேல் இருந்த வழக்கு கைவிடப்பட்டது. அதையும் போட்டோம்.

நான் எழுதிய செய்தியில் ஒரு வரி தவறு இல்லை. இன்றும் யாரும் எடுத்துப் பார்க்கலாம்.

செப்டம்பர் 3, செவ்வாய்

இந்தக் குழுவில் ஒரு வழக்கம் இருக்கிறது. என்றோ படித்த கதையின் பெயர் மறந்துபோனால், நினைவில் இருக்கிற துண்டுகளை மட்டும் போட்டு 'கதை தேடல்' என்று கேட்பார்கள். "ஹீரோயின் பேரு ஏதோ 'நி'ல ஆரம்பிக்கும், கிணத்துல ஒரு கொலுசு கிடைக்கும், ஹீரோ வெட்டினரி டாக்டர்." அரை மணி நேரத்தில் யாராவது பெயரைச் சொல்லிவிடுவார்கள். கிடைத்ததும் கேட்டவர் "கிடைச்சிருச்சு" என்று போட்டு முடிப்பார்.

இது என் வேலை. சாட்சிகள் சொல்வதும் இப்படித்தான் இருக்கும். பர்வீன் வீட்டு அலமாரியையும் வாடகை நூலகப் பட்டியலையும் வைத்துக்கொண்டு, இந்த வாரம் வந்த பதினொரு தேடலில் ஒன்பதுக்கு நான் பெயர் சொன்னேன்.

நன்றி சொன்னவர்கள் இருவர். கோமதி மட்டும், "நர்மதா, பேரு சொன்னது சரி. கொலுசு யாருதுன்னு ஏன் சொன்னீங்க?" என்றார்.

செப்டம்பர் 8, ஞாயிறு

இன்று 'ஏழாம் மைல் பங்களா' பற்றிப் பேச்சு. அதில் மனைவி கணவனைச் சந்தேகப்பட்டுப் போலீசுக்குச் சொல்கிறாள். அவன் குற்றமற்றவன் என்று தெரிந்த பிறகு இருவரும் சேர்கிறார்கள். குழுவில் பாதிப்பேருக்கு அது பிடித்த நாவல்.

திலகா எழுதினாள்: "எழுத்து நல்லாருக்கு. முடிவு எனக்குப் பிடிக்கல. காட்டிக் கொடுத்தவளை எப்படிச் சேத்துக்கிட்டான்?"

நான்: "அவளைக் குறை சொல்ல முடியாது. அன்று கிடைத்த ஆதாரம் அப்படி."

"ஆதாரம் கிடைச்சா வீட்டு ஆள்கிட்ட ஒரு வார்த்தை கேக்க மாட்டாளா? வாய்ல என்ன கொழுக்கட்டையா?"

"கேட்டால் அவன் எச்சரிக்கையாகிவிடுவான். விசாரணை கெட்டுவிடும்."

"ஓ, நர்மதா மேடத்துக்கு விசாரணை முக்கியம். கட்டினவன், கூடப் பொறந்தவ எல்லாம் ரெண்டாம் பக்கம்."

நாவலில் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. அதைச் சுட்டிக்காட்டினேன். ஷோபனா கைதட்டும் பொம்மை ஒன்று போட்டார், எனக்கா திலகாவுக்கா என்று தெரியவில்லை.

கண் மருத்துவர் சொட்டு மருந்தை மாற்றிக் கொடுத்தார். போனைக் குறைக்கச் சொன்னார்.

செப்டம்பர் 15, ஞாயிறு

காலை 11.20. திலகாவின் பதிவு. அப்படியே எடுத்து எழுதுகிறேன்.

"தோழிகளே, ஒரு கதை தேடல். பேரும் மறந்துபோச்சு, எழுதினவங்களும் மறந்துபோச்சு. அக்கா தங்கச்சி ரெண்டு பேர். அக்கா பேப்பர்ல ரிப்போர்ட்டர். தங்கச்சி வீட்டுக்காரர் ஹெட்மாஸ்டர். கேள்வித்தாள் கவர் பிரிஞ்சிருந்ததுன்னு போலீஸ் அவரைப் புடிக்கும். அவர் பண்ணலைன்னு பின்னாடிதான் தெரியும். ஸ்கூல் வாசல்ல அவரை ஜீப்புல ஏத்தற போட்டோ அக்கா பேப்பர்ல மட்டும் வரும். வெள்ளிக்கிழமை கைது. அன்னைக்கு மத்தியானம் அக்கா தங்கச்சிக்கு ஒரு போன் பண்ணுவா. அந்த போன்ல என்ன கேட்டாங்கறதுதான் எனக்கு வேணும். கதையே அங்கதான் இருக்கு. தெரிஞ்சவங்க சொல்லுங்க."

11.22க்கு நான் பதில் போட்டேன்: "கைது வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை செய்தி வந்தது."

போட்ட பிறகுதான் என்ன போட்டேன் என்று பார்த்தேன். அழிப்பதற்குள் முப்பது பேர் படித்துவிட்டார்கள்.

"நர்மதாவுக்குத் தெரிஞ்சிருக்கு!"

"நர்மதா, பேர் சொல்லுங்க, உடனே வாங்கணும்!"

போனை அணைத்து அரிசி டப்பா மேல் வைத்தேன்.

செப்டம்பர் 16, திங்கள்

காலையில் திறந்தபோது 512 செய்திகள். யாருக்கும் பெயர் கிடைக்கவில்லை. ஆனால் எல்லோரும் கதையைப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கோமதி: "அந்த போன் எச்சரிக்கத்தான். 'மாப்பிள்ளையைப் புடிக்கப் போறாங்கடி, வக்கீலைப் பாரு'ன்னு சொல்லிருப்பா. என்ன இருந்தாலும் அக்கா."

ஷோபனா: "போங்கக்கா. கவரைப் பிரிச்சதே அக்காதான். தங்கச்சி புருஷன்மேல ஒரு கண்ணு. நான் சொல்றேன் பாருங்க."

இன்னொருவர்: "ரிப்போர்ட்டர் அக்கா கடைசியில சாகணும். அப்பதான் எனக்குத் திருப்தி."

"சாகவேணாம். தங்கச்சி வாசல்ல வந்து நிக்கணும். தங்கச்சி கதவைச் சாத்தணும்."

அதற்கு எண்பத்தாறு பேர் இதயம் போட்டிருந்தார்கள்.

இடையில் திலகா: "நர்மதா, கேக்காமலே எல்லாக் கதைக்கும் முடிவு சொல்றவங்க நீங்க. கேட்டா சொல்ல மாட்டீங்களா?"

பர்வீன் பள்ளிக்குப் போகிற வழியில் கதவைத் தட்டினாள். உள்ளே வரவில்லை.

"அது உங்க கதைதானேக்கா?"

"ஆமா."

"போன்ல என்ன கேட்டீங்க?"

"உனக்கு ஸ்கூலுக்கு நேரமாகலையா?"

"கோமதிக்கா சொல்றாப்ல எச்சரிக்கத்தான் பண்ணுனீங்கன்னா, சொல்லிருங்க. பதினோரு வருசமா எதுக்கு..."

"பர்வீன், கிளம்பு."

அவள் போன பிறகு துணி துவைத்தேன். ரசம் வைத்தேன். பிறகு உட்கார்ந்து, செய்திக்கு எடுக்கும் குறிப்பு போல, இதுவரை எங்கும் எழுதாததை எழுதினேன்.

மார்ச் 14, 2013, வியாழன். பிற்பகல் மூன்று மணிக்குக் காவல்துறையில் எனக்குத் தெரிந்த ஒருவர் சொன்னார்: உன் மாப்பிள்ளையை இன்று மாலை பள்ளியில் இருந்து கிளம்பும்போது வாசலில் வைத்தே எடுக்கப் போகிறார்கள். மற்ற பேப்பர்களுக்குத் தெரியாது. 3.15க்கு நான் திலகாவைக் கூப்பிட்டேன். நலம் விசாரித்தேன். புதுத் தையல்காரியைப் பற்றி ஏதோ சொன்னாள். பிறகு கேட்டேன்: "மாப்பிள்ளை இன்னைக்கு எத்தனை மணிக்கு ஸ்கூல்ல இருந்து கிளம்புவார்?" அவள், "பரீட்சை நேரம்ல, ஆறு ஆயிரும்க்கா. ஏன்?" என்றாள். "சும்மாதான்" என்றேன். 5.45க்கு எங்கள் போட்டோகிராபரை வாசலில் நிறுத்தினேன்.

இன்று மாலை 4.05க்கு இதைக் கதையாக மாற்றி, அக்கா, தங்கை என்றே குறிப்பிட்டு, குழுவில் போட்டேன். எதையும் விடவில்லை. 'சும்மாதான்' என்பதையும் போட்டேன்.

ஐந்து நிமிடத்தில் நூற்றிருபது பேர் படித்திருந்தார்கள். பிறகு கோமதி: "சீ."

ஷோபனா: "இது நம்பற மாதிரி இல்ல. வில்லியே ஆனாலும் கூடப் பொறந்தவகிட்டயா நேரம் கேப்பா? எழுதினவங்க லாஜிக்கை விட்டுட்டாங்க."

5.10க்குத் திலகா: "கிடைச்சிருச்சு. இனி யாரும் தேட வேண்டாம்."

5.11க்கு நீக்கப்பட்டேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

கட்டுரை எழுதப்போவதில்லை. கொத்தமல்லி வாடிவிட்டது.

செப்டம்பர் 18, புதன்

காலை 9.30க்கு என் சொந்த எண்ணுக்கு அழைப்பு வந்தது. திலகா.

"நான் பேசறதுக்காகக் கூப்பிடல."

"சொல்லு."

"நீதான்னு முதல் பதிவுலயே தெரியும். கதையைப் பத்திச் சொல்லுன்னா ஊர் பேரும் பக்கக் கணக்கும் போடறவ உலகத்துல எத்தனை பேர் இருக்கா? என்னைக்காவது நீ வாயைத் திறப்பன்னு விட்டு வச்சேன். திறக்கல. அதான் வெள்ளிக்கிழமைன்னு தப்பாப் போட்டேன். செத்தாலும் நீ எந்திரிச்சு வந்து திருத்துவன்னு தெரியும்."

அடுப்பை அணைத்தேன்.

"அவர் பதினோரு வருசமா ஒரே கேள்விதான் கேட்டுட்டு இருந்தார். அன்னைக்குன்னு பாத்து ஆறு மணிக்குத்தான் வெளிய வருவேன்னு அந்தக் கேமராக்காரனுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு? வாட்ச்மேனா, கிளார்க்கா, யாரு? ஒவ்வொருத்தரா சந்தேகப்பட்டு, ஒவ்வொருத்தர் கூடவும் பேச்சை நிறுத்தினார். நான்தான் சொன்னேன்னு நான் சொல்லவே இல்ல. முந்தாநேத்து நீ போட்டதைப் படிச்சுக் காட்டினேன்."

"என்ன சொன்னார்?"

"'அப்ப உனக்கும் தெரிஞ்சுதான் சொல்லிருக்க'ன்னார். அக்காளும் தங்கச்சியும் சேந்துதான் பண்ணிருக்கீங்கன்னார். ரெண்டு நாளா என் கையால சாப்பிடல. ஹோட்டல்ல இருந்து வாங்கிட்டு வந்து, தனியா உக்காந்து சாப்பிடறார்." அவள் குரல் உயர்ந்தது. "எனக்குத் தெரியாதுன்னு யாருக்குத் தெரியும் சொல்லு? உலகத்துல ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும்."

"நான் வந்து சொல்றேன்."

"வா. நாளைக்குப் பத்து மணிக்கு. சொல்லிட்டுப் போயிரு. செருப்பைக் கழட்ட வேணாம், நீ உள்ள வரப்போறதில்ல."

வைத்துவிட்டாள்.

செப்டம்பர் 19, வியாழன்

ஆரப்பாளையத்தில் 7.50 பஸ். நிற்கத்தான் இடம் கிடைத்தது. திண்டுக்கல்லில் இறங்கி நடந்தேன். அவர்கள் வீட்டு வாசலில் கம்பிக் கதவு. உள்ளே வராந்தாவில் நாற்காலி போட்டு மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருக்கிறது. திலகா அவருக்குப் பின்னால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கம்பிக் கதவு பூட்டியிருந்தது.

"வாங்க மதினி" என்றார் அவர், எழுந்திருக்காமல். "சொல்லுங்க. உங்க பேப்பர் வாசல்ல வந்து நிக்கறது எனக்குப் பழக்கம்தான்."

நான் சொன்னேன். மூன்று மணிக்கு எனக்குத் தகவல் வந்ததைச் சொன்னேன். 3.15க்கு அவளைக் கூப்பிட்டதை, அவள் 'ஏன்' என்று கேட்டதை, நான் 'சும்மாதான்' என்றதைச் சொன்னேன். அவளுக்கு எதுவும் தெரியாது. தெரியக்கூடாது என்று நான்தான் பார்த்துக்கொண்டேன். தெரிந்திருந்தால் அவள் உங்களுக்குச் சொல்லியிருப்பாள், எனக்குப் படம் கிடைத்திருக்காது. பக்கத்து வீட்டுப் பெண் மாடியில் துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். நான் குரலைத் தாழ்த்தவில்லை.

அவர் கேட்டார்: "அவ 'ஏன்'னு கேட்டாளா?"

"கேட்டா."

"கேட்டது நிச்சயமா ஞாபகம் இருக்கா?"

"நிச்சயமா."

"எத்தனை தடவை கேட்டா?"

"ஒரு தடவை. நான் பதில் சொன்னதும், 'சாயங்காலம் வீட்டுக்கு வாயேன்க்கா, பணியாரம் ஊத்தறேன்'னா."

திலகா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதை அவளே மறந்திருந்தாள் என்று நினைக்கிறேன்.

அவர் திரும்பாமலே சொன்னார்.

"திலகா, காப்பி போடு."

"யாருக்கு?"

"நம்ம ரெண்டு பேருக்கும்."

அவள் உள்ளே போனாள். அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் போனார். கொஞ்ச நேரத்தில் சமையற்கட்டில் பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. நான் பஸ் நிலையத்துக்கு நடந்தேன்.